சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மயக்கம்: இரைப்பை பைபாஸுக்குப் பின் வந்த தாழ்சர்க்கரை பற்றிய நிகழ்வு ஆய்வு

(நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

பின்னணி

41 வயதுப் பெண். தையல் கடை நடத்துகிறார். உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ, உடல் நிறை எண் 44.9. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துவந்தார். இந்த நிலையில் அவருக்கு லேப்ராஸ்கோப்பி மூலம் 'ரூ-என்-ஒய்' வகை இரைப்பை பைபாஸ் செய்யப்பட்டது. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் உணவுப் பாதையில் விட்டுவைத்து, ஜெஜுனம் எனப்படும் நடுச்சிறுகுடலோடு அதை நேராக இணைக்கும் அறுவை அது. மீதி இரைப்பை, பைலோரஸ் தசைவாய், முன்சிறுகுடல், ஜெஜுனத்தின் தொடக்கப் பகுதி ஆகிய எல்லாம் உடலுக்குள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அவற்றைத் தொடாது.

வீடு திரும்பும்போதே கிளிமிபிரைடு நிறுத்தப்பட்டது, இரண்டு மாதத்தில் மெட்ஃபார்மினும். 20 மாதங்களில் எடை 74 கிலோவுக்கு இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.3 சதவீதம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நல்ல பலன் தந்த அறுவை.

14-ஆம் மாதத்திலிருந்து முற்பகலில் கிறுகிறுப்பு வரத் தொடங்கியது. வியர்க்கும், கை நடுங்கும், ஒரு மிட்டாயை வாயில் போட்டால் பத்து நிமிடத்தில் சரியாகும். ரத்த அழுத்தம் குறைவு என்று சொல்லி உப்பு போட்ட மோர் குடிக்கச் சொன்னார்கள். வீட்டில் பித்தம் என்றார்கள். 18-ஆம் மாதம் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் நினைவிழந்து விழுந்தார். வலிப்பாக இருக்கலாம் என்று மூளை மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கப்பட்டன. இரண்டிலும் குறை இல்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து தொடங்கப்பட்டது. மயக்கம் நிற்கவில்லை.

இந்த இடைவெளியில் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவரிடம் இருந்தது. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை 61 மி.கி. (இக்கட்டுரையில் சர்க்கரை அளவு எல்லாம் 100 மில்லி ரத்தத்துக்கு). சீட்டில் அச்சிட்டிருந்த அளவுகோல் '140-க்குக் கீழ்' என்பது மட்டுமே. ஆகவே 61 தடித்த எழுத்தில் வரவில்லை, யாருடைய கண்ணிலும் படவில்லை. பழைய சர்க்கரை நோயாளிக்கு 61 என்றால் 'கட்டுப்பாடு பிரமாதம்' என்றே தோன்றும். பைபாஸ் ஆனவருக்கு அந்த எண் ஓர் அபாய அறிவிப்பு.

முதல் நாள் கண்டவை

மயக்கம் வந்த நேரங்களைக் கடிகாரப்படி கேட்டபோது ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை: 9.45, 10.30, சில நாள் மாலை 4 மணி. ஒவ்வொரு முறையும் 'கடைசியாக எப்போது சாப்பிடத் தொடங்கினீர்கள்' என்று கேட்டு அதிலிருந்து நிமிடங்களை எண்ணியபோது எல்லாம் 90-லிருந்து 130 நிமிடத்துக்குள் வந்து விழுந்தன. சாப்பிடாமல் இருந்த நேரத்தில், தூக்கத்தில், விரதத்தில் ஒருமுறைகூட வரவில்லை. நோயறிதலின் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது அடையாளத்தைச் சொன்னவர் கணவர். ஆரம்ப மாதங்களில் இருந்த வியர்வையும் படபடப்பும் இப்போது வருவதில்லை. அதற்குப் பதில் பேச்சு தடம் மாறுகிறது, ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார், பிறகு கண் செருகுகிறது. அடிக்கடி சர்க்கரை இறங்கினால் மூளை தன் எச்சரிக்கை மணியைத் தாமதமாக அடிக்கப் பழகிவிடும். அட்ரினலின் தரும் வியர்வையும் நடுக்கமும் வராமலேயே நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுவார்கள். இது தெரிந்தவுடன், வேறு எதையும் முடிவு செய்யும் முன், ஸ்கூட்டி ஓட்டுவதை நிறுத்தச் சொல்லப்பட்டது. மின் தையல் எந்திரத்தில் சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குள் தனியாக உட்காரக் கூடாது என்றும்.

பிறகு உணவு விவரம்.

"காலையில என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார் உணவியல் நிபுணர்.

"கஞ்சிதாங்க மேடம். ஆபரேஷன் ஆனதுல இருந்து அதேதான்."

வீட்டில் அரைத்த சத்துமாவு 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 4 டீஸ்பூன் (20 கிராம்), தண்ணீரும் பாலும் சேர்த்து 300 மில்லி. டம்ளரில் ஆற்றி ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுவார். மாவிலிருந்து 35 கிராம், சர்க்கரையிலிருந்து 19 கிராம் என மாவுச்சத்து 54 கிராம்; பாலில் உள்ளது தனி. 11 மணிக்கு ஜூஸ், மதியம் குழைத்த ரசம் சோறு. எல்லாம் நீராக, எல்லாம் வழுவழுப்பாக. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, 6 வாரத்துக்குப் பின் திட உணவு என்று படிப்படியாக மாற வேண்டும். அவரிடம் இருந்த தாளில் 'கஞ்சி, ஜூஸ், ரசம் சோறு' என்று எழுதியிருந்தது. எந்தத் தேதி வரை என்று எழுதவில்லை. இறங்குவதற்கு எளிதாக இருந்ததால் அவரும் மாற்றவில்லை.

கஞ்சி குடித்த 15 நிமிடத்தில் முகம் சூடாகி, நெஞ்சு அடித்து, படுக்கத் தோன்றும் என்பதையும் கேட்டபின்தான் சொன்னார். அது வேறு நிகழ்வு. செறிவான சர்க்கரைக் கரைசல் குடலுக்குள் திடீரென இறங்கும்போது ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுவதாலும், குடல் விடும் ஹார்மோன்களாலும் வருவது. முந்தைய டம்பிங் என்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வருவது தாழ்சர்க்கரை. இவருக்கு இரண்டும் இருந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

குடல் எதை அளக்கிறது

சிகிச்சை முடிவுகள் எல்லாம் இந்தப் பகுதியை ஒட்டியே எடுக்கப்பட்டன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடலின் உட்பூச்சில் நூறில் ஒரு செல் அளவுக்கு உணர்செல்கள் இருக்கின்றன. அவற்றின் நுனி குடல்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அடிப்பகுதி ரத்தக்குழாயையும் நரம்பு நுனியையும் பார்த்திருக்கும். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற கடத்தி வழியாகச் சர்க்கரை வந்ததை அறிகின்றன. கொழுப்பு அமிலங்களுக்கும் அமினோ அமிலங்களுக்கும் தனித்தனி ஏற்பிகள் உண்டு. குடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு செல் விடும் ஹார்மோன் மாறும். முன்சிறுகுடலில் ஜி.ஐ.பி.யும் சி.சி.கே.யும் அதிகம். கீழே போகப் போக, குறிப்பாகக் கடைச்சிறுகுடலிலும் பெருங்குடலிலும், ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். இரண்டையும் விடும் எல் செல்கள் பெருகும்.

குடலிலிருந்து செய்தி இரண்டு வழிகளில் போகிறது. ரத்த வழி 1902-இலேயே தெரிந்தது. லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டபோதும் கணையம் சுரந்தது. அப்படிக் கிடைத்ததுதான் செக்ரிட்டின் என்ற குடல் ஹார்மோன். நரம்பு வழி வேகஸ். அதன் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு வயிற்றிலிருந்து மூளைத்தண்டுக்கு மேல்நோக்கிச் செய்தி கொண்டுபோகின்றன, கீழே கட்டளை இறக்குபவை குறைவு. சி.சி.கே. பெரும்பாலும் இந்த நரம்பு நுனிகளைத் தூண்டியே 'போதும்' என்ற உணர்வைத் தருகிறது. சில உணர்செல்கள் ஹார்மோனுக்குக் காத்திராமல் வேகஸ் இழையோடு நேரடி நரம்பிணைப்பு வைத்துக்கொண்டு குளுடமேட் என்ற நரம்பு வேதிப்பொருள் மூலம் மில்லிநொடிகளில் செய்தி அனுப்புகின்றன என்பதை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் காட்டினார்கள்.

கணையத்துக்கும் குடல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒரே அளவு ரத்தச் சர்க்கரையை ஊசி வழியாக உண்டாக்கினால் வரும் இன்சுலினைவிட, வாய்வழிக் குளுக்கோஸால் உண்டாக்கும்போது வருவது மிக அதிகம். அந்தக் கூடுதலுக்குக் காரணம் ஜி.ஐ.பி.யும் ஜி.எல்.பி.-1-உம்.

இந்த ஏற்பாடு முழுவதும் பைலோரஸ் என்ற மதகை நம்பி அமைந்தது. இயல்பான இரைப்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 4 கிலோகலோரி வீதமே முன்சிறுகுடலுக்குள் விடும். கொழுப்போ சர்க்கரையோ கீழே எட்டியது தெரிந்தால் குடலே ஹார்மோனாலும் வேகஸாலும் மதகைக் குறுக்கிவிடும். இவர் குடித்த கஞ்சி ஏறக்குறைய 250 முதல் 300 கிலோகலோரி. பைலோரஸ் வழியாகப் போயிருந்தால் அது குடலுக்குள் இறங்கி முடிய ஒரு மணி நேரமாவது பிடித்திருக்கும். இவருக்கோ சில நிமிடங்களில் நேராக ஜெஜுனத்துக்குள் போகிறது. வேகமாகக் கீழே பாயும் சர்க்கரை ஏராளமான எல் செல்களை ஒரே நேரத்தில் தொடுகிறது. பைபாஸுக்குப் பின், உணவை அடுத்த ஜி.எல்.பி.-1 அளவு பல மடங்கு உயரும் என்பது உறுதியான செய்தி. அறுவையால் பசி அடங்குவதற்கும் சர்க்கரை நோய் தணிவதற்கும் இதுவும் ஒரு காரணம். அதே செய்தி அளவு மீறும்போது கணையம் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டுகிறது. சர்க்கரை வரத்து ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும்; இன்சுலினின் வேலை அதற்குப் பிறகும் தொடரும். எடை குறைந்து உடல் இன்சுலினுக்கு நன்றாகப் பணியும் நிலையில், பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2010-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளிவந்த ஒரு நோயாளியின் விவரம். பைபாஸுக்குப் பின் கடும் தாழ்சர்க்கரை வந்த அவருக்கு, ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய இரைப்பைக்குள் குழாய் வைத்தார்கள். ஒரே திரவ உணவை வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரையும் இன்சுலினும் எகிறிப் பிறகு சர்க்கரை சரிந்தது. குழாய் வழியாகப் பழைய பாதையில் கொடுத்தபோது அது நிகழவில்லை. கணையமும் அதேதான், உணவும் அதேதான். குடலைத் தொட்ட இடமும் வேகமும் மட்டுமே மாறின.

பரிசோதனை

முதலில் வீட்டிலிருந்த மாத்திரைப் பெட்டி முழுவதையும் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கப்பட்டது. பழைய கிளிமிபிரைடு அட்டை அதில் இல்லை. கணவருக்கும் மாமியாருக்கும் சர்க்கரை மாத்திரை இல்லை. இதைச் செய்யாமல் இன்சுலின் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பது வீண். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து; அது தவறுதலாக வயிற்றுக்குள் போனாலும் இன்சுலினும், கணையம் அதோடு சேர்த்தே விடும் சி-பெப்டைடு என்ற துணுக்கும் இதே மாதிரிதான் உயர்ந்து காட்டும். குறைந்தால் சர்க்கரையை இறக்கக்கூடிய அட்ரினல் ஹார்மோனான கார்டிசாலும் காலை அளவில் இயல்பு.

75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் செய்யும் சோதனை வேண்டாம் என்று முடிவானது. பைபாஸ் ஆன பலருக்கு, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும்கூட, அந்தக் கரைசல் சர்க்கரையை இறக்கிவிடும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பதிலாகக் கலப்புணவுச் சோதனை: மாவுச்சத்து 40, புரதம் 15, கொழுப்பு 9 கிராம் கொண்ட திரவம், 300 கிலோகலோரி. இரவு முழுவதும் வெறும் வயிறு, கையில் ஊசிக்குழாய் தயார், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசல் பக்கத்தில், ஒரு செவிலியர் எழுந்து போகாமல் அருகில்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 84, இன்சுலின் 4 மைக்ரோயூனிட். 30-ஆம் நிமிடம் சர்க்கரை 214, இன்சுலின் 186. 60-இல் 157. 90-இல் 79. 120-இல் 44, அப்போது இன்சுலின் 8, சி-பெப்டைடு 2.1 நானோகிராம். பெயரைக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னார், கிழமையைச் சொல்ல முடியவில்லை. ரத்தம் எடுத்த கையோடு டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தப்பட்டது. ஏழு நிமிடத்தில் தெளிந்தார். அறிகுறி, ஆய்வகத்தில் உறுதியான தாழ்சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் தெளிவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. சர்க்கரை 55-க்குக் கீழ் இருக்கும்போது இன்சுலின் 3-க்கும் சி-பெப்டைடு 0.6-க்கும் மேல் இருந்தால், சர்க்கரை இறங்கியும் கணையம் சுரந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாடித்துடிப்பு 30-ஆம் நிமிடத்தில் 78-லிருந்து 102-க்கு ஏறியது முந்தைய டம்பிங்கையும் உறுதிப்படுத்தியது.

இந்தச் சோதனை கெட்டுப்போகும் இடங்களைக் குறித்துவைப்பது நல்லது. சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாம்பல் மூடிபோட்ட ஃப்ளூரைடு குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்கள் தாங்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். விரல் நுனிக் குளுக்கோமீட்டர் 60-க்குக் கீழே நம்பத்தக்கதல்ல, முடிவு ஆய்வக அளவில்தான். இன்சுலின், சி-பெப்டைடு மாதிரிகள் சர்க்கரை இறங்கிய அதே நிமிடத்தில் எடுக்கப்பட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியால் பயன் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற கருத்து குழுவுக்குள் எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. இன்சுலினோமா எனப்படும் அந்தக் கட்டி பெரும்பாலும் வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும். இவருக்கு நீண்ட விரதத்திலும் இறங்கவில்லை. அறுவைக்கு ஓராண்டுக்குப் பின் தொடங்கியதும், உணவுக்குப் பின் மட்டும் வருவதும் பைபாஸ் சார்ந்த தாழ்சர்க்கரையின் அடையாளம். 2005-இல் மேயோ கிளினிக்கிலிருந்து இத்தகைய ஆறு பேரின் கணையத்தில் இன்சுலின் செல்கள் பெருகியிருந்ததாகச் செய்தி வந்தபின், உலகில் சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பலருக்குத் தாழ்சர்க்கரை திரும்பி வந்தது. குடலிலிருந்து வரும் செய்தி அப்படியே இருக்கும்போது கணையத்தை வெட்டுவது வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவது என்றே இந்தக் குழு கருதுகிறது. உணவில் முழு முயற்சி செய்யாமல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

நரம்பியல் மருத்துவரிடம் சோதனை முடிவுகள் அனுப்பப்பட்டன. அவர் ஒப்புதலுடன் லெவெடிராசிட்டம் நான்கு வாரத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

உணவுத் திட்டத்தின் நோக்கம் ஒன்றே: குடலுக்குள் சர்க்கரை இறங்கும் வேகத்தைக் குறைப்பது. பைலோரஸ் செய்த வேலையைத் தட்டிலேயே செய்ய வேண்டும். ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்குள், இடைத்தீனிக்கு 15-க்குள். நீரில் கரைந்த மாவுச்சத்து அறவே கிடையாது. கஞ்சி, ஜூஸ், சர்க்கரை போட்ட காபி எல்லாம் அதில் அடக்கம். முதலில் புரதமும் காய்கறியும், கடைசியில் சோறோ இட்லியோ. சாப்பிட 20 முதல் 30 நிமிடம். தண்ணீர் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ பின்போ.

காலை உணவு இப்படி மாறியது: இரண்டு முட்டை அல்லது 60 கிராம் பன்னீர், பிறகு இரண்டு நடுத்தர இட்லி (சுமார் 20 கிராம் மாவுச்சத்து), நல்லெண்ணெய் குழைத்த பொடி அல்லது கெட்டிச் சட்னி. சாம்பாரில் ஊறவைத்த இட்லி கூடாது. மதியம் மீன் அல்லது கோழி 80 கிராம், பொரியல் ஒரு கிண்ணம், கடைசியில் 100 கிராம் சோறு (28 கிராம் மாவுச்சத்து) கெட்டிக் கூட்டோடு. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

உணவு மாற்றத்தோடு 14 நாள் குளுக்கோஸ் சென்சர் கையில் ஒட்டப்பட்டது. சென்சர் ரத்த அளவுக்கு 5 முதல் 15 நிமிடம் பிந்தியே காட்டும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் பொய்யாக இறங்கிக் காட்டும். இதை முதலிலேயே சொல்லவில்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சர்க்கரை சாப்பிடுவார்கள்.

தொடர்ந்து நடந்தவை

முதல் பத்து நாளில் காலை மயக்கம் நின்றது. மதியத்துக்குப் பின் மட்டும் சென்சர் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சோறு 100 கிராம்தான், எடைபோட்டே வைத்திருந்தார். என்ன காரணம் என்று பார்க்க, சமைத்த சோற்றை அதே அளவில் இரு நாள் இரு விதமாகச் சாப்பிடச் சொல்லப்பட்டது. முதல் நாள் வழக்கம்போல 200 மில்லி ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்து, 8 நிமிடத்தில். சென்சர் 208 வரை ஏறி, 110-ஆம் நிமிடத்தில் 58-க்கு இறங்கியது. மறுநாள் முட்டையும் பீன்ஸ் பொரியலும் முதலில், பிறகு அதே 100 கிராம் சோறு கூட்டோடு, தண்ணீர் இல்லாமல், 25 நிமிடத்தில். உச்சம் 151, அடிமட்டம் 82. இரண்டாம் நாள் புரதமும் கூடியிருந்ததால் வித்தியாசம் முழுவதையும் வேகத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அந்த இரண்டு கோடுகளையும் செல்பேசித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபின் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ரசம், சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து டம்ளரில்.

மூன்றாம் வாரம், உணவு சரியாக இருந்தும் வாரத்துக்கு இரண்டு முறை 60-க்குக் கீழ் போனதால் அகார்போஸ் சேர்க்கப்பட்டது. மாவையும் சாதாரணச் சர்க்கரையையும் உடைக்கும் குடல் நொதிகளைத் தடுத்து, குளுக்கோஸ் வெளிவரும் வேகத்தைக் குறைக்கும் மருந்து அது. முதல் வாய்ச் சோற்றோடு 25 மி.கி., காலையும் மதியமும். சாப்பிட்டபின் போட்டால் பயன் போய்விடும். வாயு தொல்லை கொடுத்ததால் 50-க்கு உயர்த்தவில்லை.

இந்த மருந்தோடு ஒரு ஆபத்தான கண்ணி இருக்கிறது. அகார்போஸ் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வெல்லம், மிட்டாய், வீட்டுச் சர்க்கரை எதுவும் வேகமாக வேலை செய்யாது, ஏனென்றால் அவற்றை உடைக்கும் நொதியைத்தான் மருந்து தடுத்திருக்கிறது. நேரடிக் குளுக்கோஸ் வேண்டும். உறையில் டெக்ஸ்ட்ரோஸ் என்று எழுதிய குளுக்கோஸ் பவுடர் 3 டீஸ்பூன், அதாவது 15 கிராம், கொஞ்சம் தண்ணீரில். 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, சர்க்கரை 70-க்கு மேல் வந்ததும் வேர்க்கடலையோ முட்டையோ. பயத்தில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த சரிவு வரும். முன்பு ஒரு மிட்டாய்க்குப் பின் ஜூஸ், ஜூஸுக்குப் பின் மாலை மயக்கம் என்று அவரைச் சுற்றவைத்தது இந்தச் சங்கிலியே. குளுக்கோஸ் பவுடர் மூன்று சிறு பொட்டலங்களாகக் கடையிலும் கைப்பையிலும் வைக்கப்பட்டது. கணவருக்கும் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் கொடுக்கும் முறை காட்டப்பட்டது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு நல்ல செய்தி எதிர்பாராத வடிவில் வந்தது. சர்க்கரை 63-இல் இருக்கும்போதே வியர்த்து, கை நடுங்கியதாகப் பதறிப் போன் செய்தார். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்திருந்தார். உண்மையில் மூளையின் எச்சரிக்கை மணி மீண்டும் நேரத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தது. சில வாரங்கள் தாழ்சர்க்கரை இல்லாமல் இருந்தாலே இந்த உணர்வு பெரும்பாலும் திரும்பும்.

மூன்றாம் மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை முதலில் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் 49-க்கு இறங்கினார். வியர்த்தவுடனேயே குளுக்கோஸ் எடுத்துக்கொண்டதால் நினைவு தப்பவில்லை. அதன் பிறகு 54-க்குக் கீழ் போகவில்லை. ஆறாம் மாதத்தில் எடை 75.5 கிலோ, எச்.பி.ஏ.1.சி. 5.4. அகார்போஸ் காலையில் மட்டும். எச்சரிக்கை உணர்வு திரும்பி எட்டு வாரம் கழிந்தபின் ஸ்கூட்டி ஓட்ட அனுமதி.

உணவும் அகார்போஸும் போதாமல் போயிருந்தால் அடுத்த படி ஆக்ட்ரியோடைடு ஊசி. குடல் ஹார்மோன்களையும் இன்சுலினையும் சேர்த்தே அடக்கும். அல்லது இன்சுலினைக் குறைக்கும் டயஸாக்சைடு. அதற்கும் மேலே பழைய இரைப்பைக்குள் உணவுக்குழாய், கடைசியாக அறுவையைத் திருப்புவது. இவருக்கு முதல் படியைத் தாண்ட வேண்டி வரவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

வீடு திரும்பும்போது கொடுக்கும் உணவுத் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிவுத் தேதி எழுதப்பட வேண்டும். 'இந்தத் தேதிக்குப் பின் கஞ்சி, ஜூஸ் கிடையாது' என்று தடித்த எழுத்தில். கஞ்சி உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமானது, இயல்பான இரைப்பைக்கு அது பெரும்பாலும் சரியும்கூட. உணவு பைலோரஸ் வழியாகப் போகாதவருக்கு அதே கஞ்சி வேகமான சர்க்கரை. இதை நோயாளியிடம் சொன்னால் போதாது, வீட்டில் சமைப்பவரிடமும் சொல்ல வேண்டும். இவர் வீட்டில் மாமியாரை ஒருமுறை ஆலோசனைக்கு அழைத்த பிறகே சத்துமாவு டப்பா சமையலறை மேல்தட்டுக்குப் போனது. இப்போது அந்த மாவு முட்டை கலந்து கெட்டி அடையாக வாரம் ஒருமுறை தட்டுக்கு வருகிறது.

பைபாஸ் ஆன ஒவ்வொருவரிடமும் 12-ஆம் மாதம் முதல் ஒவ்வொரு சந்திப்பிலும் 'சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. இதைக் காட்டாது, உச்சமும் பள்ளமும் ஒன்றையொன்று சமன்செய்து 5.3 என்ற அழகான எண்ணாக வந்து நிற்கும். முதல்முறை நினைவிழந்து வருபவரிடமும், வலிப்பு மருந்து எழுதும் முன், வயிற்றில் என்ன அறுவை நடந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆய்வகத்தோடும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது. பைபாஸ் ஆனவர்களின் சீட்டில் அது குறிக்கப்படுகிறது. சாப்பிட்டபின் எடுத்த சர்க்கரை 70-க்குக் கீழ் வந்தால் சீட்டை அச்சிடும் முன் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், அளவுகோல் வரியில் கீழ் எல்லையும் அச்சாக வேண்டும்.